சாட்சி மருமவனுக்கு மாமன் சொல்லும் புத்தி

ஏலே மருமவனே, சம்மன் கைக்கு வந்ததுல இருந்து ஒனக்குச் சோறு எறங்கலையாமே? ஊரெல்லாம் அதான் பேச்சு. பங்குனிப் பொங்கல் அன்னைக்குக் கோயில் வாசல்ல ரெண்டு பயக அடிச்சுக்கிட்டப்ப, வெலக்கிவிட ஒருத்தனும் போகல. நீ ஒருத்தன்தான் கிட்டக்கப் போன. வெலக்கவா போன? செல்லத் தூக்கிப் பிடிச்சுப் படம் எடுக்கப் போன. எடுத்ததோட விட்டியா? இருக்கிற குரூப்பு பூராவுக்கும் அனுப்பி, அதுக்குப் பாட்டும் சேத்து விட்ட. இப்ப அரசாங்கம் ஒன் படத்தப் பாத்து மெச்சிப்போயி, "தம்பி, நேர்லயே வந்து அந்தக் கதையச் சொல்லிட்டுப் போ"ன்னு தாக்கல் அனுப்பியிருக்கு. நம்ம வம்சத்துல எவனுக்கு இந்த மரியாதை கெடச்சிருக்கு? அதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப்போட்டுத் திரியுத.

கோர்ட்டுன்னாலே பயமா இருக்கு மாமான்னு சொன்னியாம். அடேய், பயப்பட வேண்டியது கோர்ட்டுக்கு இல்ல. கோர்ட்டுக்கும் ஒனக்கும் நடுவுல ஒரு கூட்டம் நிக்கும் பாரு, அதுக்குத்தான். பஸ்ஸ விட்டு நீ எறங்கும்போதே ஒருத்தன் ஒன் மூஞ்சியப் பாத்து "கேசுக்குப் புதுசா?"ம்பான். வெள்ளச் சட்டை, கக்கத்துல பையி. வக்கீலான்னா வக்கீலு இல்ல, குமாஸ்தாவான்னா குமாஸ்தாவும் இல்ல. நீ நல்ல புள்ளையா சம்மன அவன் கையில குடு. வாசிச்சுட்டு உச்சுக் கொட்டுவான். "கேசு கொஞ்சம் பெருசா இருக்கே"ம்பான். ஒடனே டீ வாங்கிக் குடு, வடையும் சேத்து. வாய்தா என்னைக்குன்னு கேட்டுச் சொல்ல ஒரு நூறு, கோர்ட்டு எங்க இருக்குன்னு கை காட்ட ஒரு அம்பது, டவாலிகிட்ட ஒன் பேரச் சொல்லி வைக்க ஒரு எரநூறு. எல்லாத்தையும் எண்ணிக் குடுத்துட்டு, சாயங்காலம் அவன் வந்து "இன்னைக்கு ஐயா லீவு"ன்னு சொன்னதும் ஒரு கும்பிடு போட்டுட்டு ஊருக்கு வந்து சேரு. அவுக வீட்லயும் ஒல கொதிக்கணும்ல? அதுக்கு ஒன்னய மாதிரி வெவரங்கெட்ட மருமவங்க ஊருக்கு நாலு பேராவது வேணும்ல?

இந்தத் தான தருமத்துல ஒனக்கு இஷ்டம் இல்லேன்னா, இந்தக் கெழவன் சொல்லுதத கொஞ்சம் காதுல போடு.

மொதல்ல அந்தக் காகிதத்த எடு. பயத்துல எட்டா மடிச்சு டவுசர் பையில வச்சிருப்ப, நல்லா விரி. அதுல ரெண்டு நம்பரு இருக்கும். ஒண்ணு கிரைம் நம்பரு. எஃப்.ஐ.ஆர். போட்ட அன்னைக்கு போலீஸ் ஸ்டேசன்ல வச்சது. இன்னொண்ணு சி.சி.ன்னோ எஸ்.டி.சி.ன்னோ ஆரம்பிக்கும். அது குத்தப்பத்திரிகை வந்து கோப்புல எடுத்தப் பெறகு கோர்ட்டு வச்சது. கோர்ட்டுல போயி கிரைம் நம்பர மட்டும் சொல்லிக்கிட்டு நின்னேன்னா, கிளார்க்கு ஒன்ன ஏற எறங்கப் பாத்துட்டு "அடுத்து யாருப்பா?"ம்பாரு. பி.ஆர்.சி.ன்னு இருந்தா அது கொலை, கொள்ளை வகையறா. அத மாஜிஸ்ட்ரேட்டு விசாரிக்கிறதில்ல, செசன்சு கோர்ட்டுக்கு அனுப்பி வச்சிருவாரு. அங்க போயி எஸ்.சி.ன்னு வேற நம்பரு வாங்கும்.

ஒங்க கேசு அம்புட்டுப் பெருசு இல்ல, ரொம்பப் பெருமப்படாத. அடிச்சது, வஞ்சது, மெரட்டுனது, அவ்வளவுதான். முந்தி இதுக்கு 294(பி), 323, 506(2). தமிழ்நாட்டுல எந்தத் திருவிழாச் சண்டைன்னாலும் இந்த மூணும் கை கோத்துக்கிட்டுத்தான் வரும். 2024 ஜூலை 1-ல புதுச் சட்டம் வந்துச்சு. அதுக்குப் பெறகு அடிச்சுக்கிட்டவுகளுக்கு 115(2), 296(பி), 351(3). நம்பரு மாறிப்போச்சு, வசவு அப்பிடியேதான் இருக்கு. முதல் வகுப்பு மாஜிஸ்ட்ரேட்டு அதிகம்னா மூணு வருசம் வரைக்கும் உள்ள போடலாம், 50,000 ரூவா வரைக்கும் அபராதம் போடலாம். நீ சாட்சிடா, ஒனக்கு ரெண்டும் இல்ல. மூச்ச விடு.

அந்த ரெண்டு நம்பருக்கும் மேல ஒண்ணு இருக்கு, சி.என்.ஆர். நம்பருங்காக. மொத்தம் பதினாறு. எந்தக் கெடையில போயிக் கலந்தாலும் இன்னாரு ஆடுன்னு தெரியணும்னு நம்ம ஆட்டுக்குக் காத வெட்டி அடையாளம் போடுதோம்ல, அதே சங்கதி. மொத ரெண்டு எழுத்து டி.என்., நம்ம தமிழ்நாடு. அடுத்த ரெண்டு எழுத்து மாவட்டம். பெறகு ரெண்டு எண்ணு எந்தக் கோர்ட்டுங்கிறதுக்கு. ஆறு எண்ணு கேசுக்கு. கடைசி நாலும் வருசம். இந்தியா பூராத் தேடினாலும் அந்த நம்பர்ல இன்னொரு கேசு இருக்காது.

எம் பேத்தி அவ செல்லுல ஈகோர்ட்ஸ் சர்வீசஸ்னு ஒரு செயலி ஏத்தி வச்சிருக்கா. காலணா செலவு இல்ல. அதுல இந்தப் பதினாறையும் தட்டினா கேசோட ஜாதகமே வந்து விழுகுது. சி.என்.ஆர். தெரியலையா? மாவட்டத்த எடு, கோர்ட்டு வளாகத்த எடு, சி.சி. நம்பரும் வருசமும் போடு. அதுவும் தெரியலையா? எஃப்.ஐ.ஆர். நம்பரும் ஸ்டேசன் பேரும் போடு. ஆளு பேரு, வக்கீலு பேரு வச்சும் தேடலாம். ஆனா பேர வச்சுத் தேடுறது கடைசி வழியா இருக்கட்டும். நம்ம தாலுகாவுல கருப்பசாமின்னு தேடினா பாதி ஜனம் வரிசையில வந்து நிக்கும். மீதிப் பாதிய இங்கிலீசு எழுத்துல எந்த லட்சணத்துல ஏத்தி வச்சிருக்காகன்னு அந்தக் கருப்பசாமிக்கே வெளிச்சம். செயலி வேண்டாம்னு அதே பேர்ல இருக்கிற இணையதளத்துல போயித் தேடினா, நடுவுல கோணலும் மாணலுமா நாலஞ்சு எழுத்தக் காட்டி "இது என்ன?"ன்னு கேக்கும். நீ மனுசந்தானான்னு சோதிக்குதாம். தோத்துட்டா மனசு ஒடஞ்சிராத. எங்களுக்கும் அந்தச் சந்தேகம் முந்தியே உண்டு.

காட்டுக்குள்ள நெட்டு கெடைக்கலைன்னு சாக்குச் சொல்லாத. 9766899899-ங்கிற நம்பருக்கு ஒரு எஸ்.எம்.எஸ். போடு. இங்கிலீசுல ஈகோர்ட்ஸ்னு அடி, ஒரு எடம் விடு, சி.என்.ஆர். நம்பர அடி. கேசு நெலவரம் ஒன் செல்லுக்கே வரும். அந்த வெள்ளச்சட்டைக்காரன் நூறு ரூவா வாங்கிட்டு டீக்கடை ஓரமாப் போயி எதப் பாக்கான்னு நெனைக்க? இதத்தாண்டா.

சரி, கேசு வந்துருச்சு. என்ன பாப்ப? அடுத்த தேதிய மட்டும் பாத்துட்டு மூடிருவ. அதான் வெவரங்கெட்டவன் வேல. தேதிக்குப் பக்கத்துலயே கேசு எந்தக் கட்டத்துல நிக்குதுன்னு போட்டிருக்கும், அதப் படி. மொதல்ல எதிரிக ஆஜராகணும். பெறகு அவுகளுக்குக் காகித நகல் குடுக்கணும். பெறகு குற்றச்சாட்டு வனையணும். பெறகுதான் சாட்சி விசாரணை. அது முடிஞ்சு எதிரியக் கேள்வி கேப்பாக, ரெண்டு பக்கமும் வாதம் பண்ணுவாக, அப்புறம் தீர்ப்பு. சாட்சி விசாரணைக் கட்டத்துல நின்னா ஒனக்கு வேல இருக்கு. வேற கட்டத்துல நிக்கி, ஒனக்கும் சம்மன் இருக்குன்னா, நீயா ஒரு முடிவெடுத்துக் கயித்துக் கட்டில்ல படுத்துறாத. சம்மன்ல போட்ட தேதிதான் ஒனக்குச் சட்டம். சந்தேகம்னா ஸ்டேசன்ல கோர்ட்டு வேல பாக்குற போலீசு ஒருத்தர் இருப்பாரு, அவருகிட்டக் கேளு. போகாம இருந்தா 500 ரூவா வரைக்கும் அபராதம், வாரண்டு போட்டுக் கூட்டிட்டு வரவும் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு. ஜீப்புல போகணும்னு ஆசையா இருந்தா மட்டும் வீட்ல இரு.

இன்னும் கீழ எறங்கினா, இதுவரைக்கும் போன வாய்தா பூராவும் வரிசையா நிக்கும். ஒரு தேதியத் தொட்டா அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ரெண்டு வரி வரும். பொழுது போகலேன்னா நான் இதத்தான் பேத்திய வாசிக்கச் சொல்லிக் கேக்குறது. எதிரி வரல, வாய்தா. சாட்சி வரல, வாய்தா. ஐயா லீவு, வாய்தா. வக்கீலுக புறக்கணிப்பு, வாய்தா. அத்தன பேரும் வந்துட்டாக, நேரம் இல்ல, வாய்தா. சட்டத்துல என்ன எழுதியிருக்கு தெரியுமா? கேச நடத்துற மொறையச் சொல்லுற புதுச் சட்டம் பி.என்.எஸ்.எஸ்., அதுல 346-ஆம் பிரிவு. விசாரணைய ஆரம்பிச்சா வந்த சாட்சியெல்லாம் முடியுற வரைக்கும் அன்னாடம் நடத்தணும். தள்ளிப் போட்டா காரணத்த எழுதணும். எங்க கையில இல்லாத காரணம்னு ஒரு தரப்பு கேட்டாலும் ரெண்டு வாய்தாவுக்கு மேல கூடாது. வக்கீலு வேற கோர்ட்டுல இருக்காருங்கிறது காரணமே ஆகாது. வக்கீலுக வேல நிறுத்தம் பண்ண உரிமை கெடையாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு 2002-லயே சொல்லிருச்சு. எல்லாம் தங்கமான எழுத்து. அது ஏட்டுல பத்திரமா இருக்கு, நாம வராண்டாவுல பத்திரமா இருக்கோம்.

அதுனாலதான் சொல்லுதேன், பாத்த தேதிய ஒருவாட்டி பாத்ததோட விட்டுறாத. இன்னைக்குக் குடுத்த வாய்தா கம்ப்யூட்டர்ல ஏற சாயங்காலம் ஆகலாம், மறுநாளும் ஆகலாம். போறதுக்கு முந்தின நாள் ராத்திரி காஸ் லிஸ்ட்டுன்னு இருக்கிற எடத்துல போயி, கோர்ட்ட எடுத்து, தேதிய எடுத்து, கிரிமினல்ங்கிற பொத்தான அமுக்கு. மறுநாள் எடுக்கப்போற கேசெல்லாம் வரிச எண்ணோட வந்துரும். அதுல ஒங்க கேசு எத்தனாவதுன்னு குறிச்சுக்கோ. காலைல கோர்ட்டு வாசல்லயும் அதே பட்டியல ஒட்டியிருப்பாக. ஐயா லீவுன்னு காதுல விழுந்ததும் பஸ்ஸுக்கு ஓடாத. பொறுப்புல வேற மாஜிஸ்ட்ரேட்டு இருப்பாரு, அங்க கேசக் கூப்பிட்டுத் தேதி சொல்லுவாக. அதக் கேட்டுக்கிட்டு வா. மே மாசம் லீவு தானேன்னும் நெனைக்காத. அந்தக் குடுப்பினை சிவில் கோர்ட்டுக்கு. மாஜிஸ்ட்ரேட்டு கோர்ட்டுக்கு வெயில்லயும் வேல உண்டு.

அடிச்சுக்கிட்ட அந்த ரெண்டு சூரனுககிட்டயும் இதச் சொல்லி வையி. ஜாமீன்ல வெளிய வந்தவன் காரணம் இல்லாம வாய்தாவுக்கு வரலேன்னா பிடிவாரண்டு மட்டும் இல்ல, அதுக்குத் தனியா ஒரு கேசும் உண்டு, ஒரு வருசம் வரைக்கும் தண்டனை. வர முடியாத நெலமைன்னா வக்கீலு மூலமா மனு போடணும். சட்டத்துல இப்ப அது 355-ஆம் பிரிவு. ஆனா கோர்ட்டுல இன்னும் "ஒரு 317 போட்டுருங்கண்ணே"ன்னுதான் பேச்சு. பழைய நம்பர நம்மாளுக லேசுல விட மாட்டாக.

இப்ப முக்கியமான புத்திக்கு வாரேன். சாட்சி சொல்லப் போற அன்னைக்குத்தான் மொத மொதலா கோர்ட்டப் பாக்கணும்னு வச்சுக்கிறாத. அதுக்கு முந்தி ஒரு நாளு, ஒங்க கேசு இல்லாத நாளாப் பாத்து, சும்மா போயி ஒக்காரு. "சும்மா விடுவாகளா மாமா?"ங்குத. விடாம? பி.என்.எஸ்.எஸ். 366-ஆம் பிரிவு கிரிமினல் கோர்ட்டு திறந்த கோர்ட்டுங்குது. எடம் இருக்கிற வரைக்கும் யாரும் உள்ள வந்து பாக்கலாம். மாஜிஸ்ட்ரேட்டு வேண்டாம்னு நெனச்சா ஒரு கேசுக்கோ ஒரு ஆளுக்கோ தடை போடலாம், அது அவரு அதிகாரம். பாலியல் வன்கொடுமை வழக்கு மூடின அறையிலதான் நடக்கும். போக்சோவுலயும் அப்பிடித்தான். சின்னப் புள்ளைக மேல இருக்கிற கேசப் பாக்குற சிறார் நீதிக் குழுமத்துக்குள்ளயும் நமக்கு எடம் இல்ல. அது நியாயந்தான், அங்க போயி எட்டிப் பாக்கணும்னு ஆசைப்படாத. மத்ததுக்குக் கதவு திறந்து கெடக்கு. டிக்கெட்டும் கெடையாது. ஆனா வாசல்ல டவாலியப் பாத்ததும் நாம செருப்பக் கழட்டிட்டு, துண்ட இடுப்புல கட்டிட்டு, வெளிய வெயில்லயே நிப்போம். சட்டம் கதவத் திறந்து வச்சு என்ன செய்ய?

வீட்ல படுத்துக்கிட்டே செல்லுல பாத்துருவேன்னு நெனச்சுறாத. 2018-ல சுப்ரீம் கோர்ட்டு நேரலைக்குச் சரின்னு சொல்லுச்சு, குஜராத் ஹைகோர்ட்டு யூடியூப்புலயே வருது. நம்ம தாலுகா மாஜிஸ்ட்ரேட்டு கோர்ட்டு யூடியூப்புக்கு வரும்னு காத்துக் கெடந்தா, ஒன் பேரன்தான் பாப்பான்.

வெள்ளனெப் பொறப்படு. பத்தரைக்குக் கோர்ட்டு ஏறும். அதுக்கு முந்தியே உள்ள போயி, பின்னால இருக்கிற பெஞ்சுல ஒக்காரு. முன்னால கெடக்கிற நாக்காலி வக்கீலுகளுக்கு, காலியா இருக்கேன்னு போயி சாஞ்சிறாத. ஐயாவோ அம்மாவோ வரும்போது எந்திரிச்சு நில்லு. கைலி, டவுசர் வேண்டாம். ஒங்க அப்பன் கல்யாணத்துக்கு எடுத்த வேட்டி இருக்கும், அதக் கட்டு. செல்ல அமத்திப் பையில போடு. ஒனக்குத்தான் கை அரிக்கும், அதான் சொல்லுதேன். உள்ள படம் எடுத்தா செல்லு போயிரும். வேணும்னே கோர்ட்ட அவமதிச்சாலோ நடக்குற வேலையக் குலைச்சாலோ ஆறு மாசம் வரைக்கும் காவலு, இல்லேன்னா 5,000 ரூவா வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். பொங்கல்ல எடுத்த படத்துக்கே இன்னும் பதில் சொல்லி முடிக்கல, அடுத்த படத்துக்கு அட்வான்ஸ் வாங்காத.

அங்க போனதும் ஒனக்கு ஒரு ஏமாத்தம் இருக்கு. நாங்க சின்ன வயசுல 1984-ல வந்த 'விதி' படத்துக் கோர்ட்டு வசனத்த டீக்கடை டீக்கடையாக் கேசட்டுல கேட்டு வளந்தவங்க. கோர்ட்டுன்னா வக்கீலு கைய வீசிக் கத்தணும், ஜட்ஜு சுத்தியால தட்டி "ஆர்டர், ஆர்டர்"ங்கணும். அடேய், நம்ம நாட்டுக் கோர்ட்டுல சுத்தியலே கெடையாது. கீதை மேல கைய வச்சுச் சத்தியம் பண்றதும் சினிமாவோட சரி. 1969-ஆம் வருசத்துச் சத்தியப் பிரமாணச் சட்டப்படி, கடவுள் பேரால சொல்லலாம், கடவுள் வேண்டாம்னா மனசாரச் சொல்லுதேன்னும் உறுதி சொல்லலாம். புத்தகம் எதுவும் தேவையில்ல. வக்கீலு பேசுறது பெஞ்சு கிளார்க்குக்கே பாதிதான் கேக்கும். பின்னால ஒக்காந்த ஒனக்கு மின்விசிறி சத்தந்தான் கேக்கும்.

ஆனாலும் பாரு, காதக் கூர்மையாக்கிப் பாரு. டவாலி வாசல்ல நின்னு ஒரு பேர மூணுவாட்டி கூப்பிடுவாரு. மூணாவது கூப்பாட்டுக்கு எங்கிருந்தோ டீ கிளாசக் கீழ வச்சுட்டு ஒருத்தன் ஓடி வருவான். "ஆஜர்"ம்பான், அடுத்த தேதிய வாங்கிட்டுப் போவான். மொதல்ல இந்தக் கூப்பாடு, தேதி குடுக்கிறது எல்லாம் ஓடும். நடுவுல போலீசு ஒருத்தனக் கூட்டிட்டு வரும். புடிச்ச 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட்டு முன்னால நிறுத்தியாகணும், பயண நேரம் மட்டும் கழிச்சுக்கலாம். "போலீசு அடிச்சாங்களா?"ன்னு ஐயா கேப்பாரு. அவன் பக்கத்துல நிக்கிற போலீசப் பாத்துட்டு "இல்லங்கய்யா"ம்பான். ஜாமீன் மனு வரும். ஜாமீன் போட வந்தவரு ஆதாரையும் வீட்டு வரி ரசீதையும் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிப்பாரு. குடிச்சுட்டுத் தெருவுல அலப்பறை பண்ணின ஆளு, தெளிஞ்ச மூஞ்சியோட கையக் கட்டி நிப்பான். அவனுக்கு ஒரு நாளு உள்ள, இல்ல 1,000 ரூவா வரைக்கும் அபராதம், இல்ல சமூக சேவை. புதுச் சட்டத்துல இந்தச் சமூக சேவை வந்திருக்கு. ஊர்ல சும்மா திரியுறவனையெல்லாம் இதுல சேத்தா நம்ம கம்மாய் என்னைக்கோ தூர் வாரியிருக்கும். கூட்டம் கலைஞ்சப் பெறகு சாட்சி கூண்டேறும். அங்கதான் ஒனக்குப் பாடம். அதுக்காகத்தான் ஒன்னப் போகச் சொல்லுதேன்.

அரசு வக்கீலு கேக்கிறத மொதல்ல கவனி, அது சுளுவா இருக்கும். பெறகு எதிர் வக்கீலு எந்திரிப்பாரு. "நீங்க சம்பவ எடத்துல இல்லவே இல்லேங்கிறேன்"ம்பாரு. கேட்டதும் புதுச் சாட்சிக்குக் கோவம் பொத்துக்கிட்டு வரும். "நீரு வந்து பாத்தீரா?"ன்னு கேட்டுருவான். அம்புட்டுத்தான், அவரு கேட்டது கெடச்சுருச்சு. அனுபவப்பட்ட சாட்சி "சரியல்ல"ன்னு ஒரு சொல்லோட நிறுத்திக்குவான். தெரிஞ்சத தெரியும்னு சொல்றது, தெரியாதத தெரியாதுன்னு சொல்றது, கேக்காதத சொல்லாம இருக்கிறது. ஒன் வாய வச்சுக்கிட்டு அந்த மூணாவதுதான் ஒனக்குச் செரமம். அத இப்ப இருந்தே வீட்ல பழகு, ஒன் பொண்டாட்டிக்கும் நிம்மதி.

ஒன் நாளு வரும்போது ஒண்ணு மட்டும் வித்தியாசம். அன்னைக்கு உள்ள போயி பெஞ்சுல ஒக்காந்துறாத. ஒரு சாட்சி பேசும்போது மத்த சாட்சி வெளியதான் நிக்கணும். அவன் சொன்னதக் கேட்டு நீ ஒப்பிச்சுருவியோன்னு சந்தேகம். வாசல்லயே நில்லு, வேப்ப மரத்துப் பக்கம் ஒதுங்கிப் போயி பேச்சுல மயங்கிறாத. டவாலி குரலுக்குக் காது இருக்கட்டும். ஒன் படத்தையும் சாட்சியமா வைக்கிறதா இருந்தா, அது எந்தக் கருவியில எடுத்தது, எப்பிடிப் பதிஞ்சதுன்னு சான்று குடுக்கணும். புதுச் சாட்சியச் சட்டத்துல 63-ஆம் பிரிவு. முந்தி அத 65பி-ம்பாக. அதுனால அந்தச் செல்ல வித்துட்டுப் புதுசு வாங்குற ரோசனை இருந்தா தள்ளி வையி.

இன்னும் ஒண்ணு நடக்கும். ரெண்டு பக்கத்துச் சொந்தக்காரனும் ராத்திரியில ஒன் வீட்டுக்கு வருவான். "தம்பி, நமக்குள்ள என்ன? பாக்கலேன்னு சொல்லிரு"ம்பான் ஒருத்தன். "பாத்ததோட கொஞ்சம் சேத்துச் சொல்லு"ம்பான் இன்னொருத்தன். ரெண்டு பேருக்கும் மோர் குடுத்து அனுப்பி வையி. பொய்ச்சாட்சிக்கு ஏழு வருசம் வரைக்கும் தண்டனை. அடிச்சவன் வெளிய வந்து அடுத்த பொங்கல் கும்பிட்டு முடிச்சிருப்பான், நீ உள்ள இருப்ப. அவுகளுக்கு உண்மையிலயே ஒறவு ஒட்டணும்னா அதுக்கு மக்கள் நீதிமன்றம் இருக்கு, சமாதானத்துக்குச் சட்டம் எடங்குடுக்கிற பிரிவுக்குச் சமாதானம் பேசிக்கட்டும். அத ஒன் நாக்குல வச்சுப் பேச வேண்டாம். சாட்சி சொல்லி முடிச்சதும் சாட்சிப்படி கேளு. கூலிய விட்டுட்டு வந்தவனுக்கு அது உண்டு, கேட்டவனுக்குத்தான் உண்டு. வேலைக்குப் போற எடத்துல காட்ட, வந்து போனதுக்கு ஒரு சான்றும் எழுதி வாங்கிக்கோ.

அந்த வெள்ளச்சட்டைக்காரனுக்கும் சட்டத்துல எடம் உண்டு, தெரியுமா? 2023-ல வக்கீலுக சட்டத்தத் திருத்தி 45ஏ-ன்னு ஒரு பிரிவு சேத்தாக. தரகனுகளப் பட்டியல் எடுத்துக் கோர்ட்டுல தொங்கவிடலாம். பட்டியல்ல பேரு வந்தப் பெறகும் தொழில் பண்ணினா மூணு மாசம் வரைக்கும் செயிலு, இல்ல 500 ரூவா வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் போடலாம். 500 ரூவா! ஒன்ன மாதிரி ரெண்டு மருமவனப் பாத்தா மத்தியானத்துக்குள்ள எடுத்துருவான். அவன ஒழிக்கிறது அந்தப் பட்டியல் இல்ல. தன் நம்பரும் தன் தேதியும் தெரிஞ்சு எறங்குற ஆளுகிட்ட அவன் பேச்சே எடுக்க மாட்டான். மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சுருவான், அதுல அவன் கெட்டிக்காரன்.

நெசமாவே ரோசனை வேணும்னா அதுக்கும் காசு வேண்டாம். 15100-க்குப் போன் போடு, சட்ட உதவி மையம். 1987-ஆம் வருசத்துச் சட்டத்துல ஏற்பாடு பண்ணினது. தாலுகாவுலயே அதுக்குக் குழு இருக்கு, கோர்ட்டு வளாகத்துலதான் ஒக்காந்திருப்பாக. பொம்பளையாளுக, சின்னப் புள்ளைக, பட்டியல் சாதி, பழங்குடிச் சனம், மாற்றுத்திறனாளிக, காவல்ல இருக்கிறவுக, இவுகளுக்கு வருமானம் பாக்காமயே வக்கீலு வச்சுக் குடுப்பாக. மத்தவுகளுக்கு வருமானம் கம்மியா இருந்தா உண்டு. அந்த ரெண்டு சூரனுகளுக்கும் வக்கீலுக்குக் குடுக்கக் காசு இல்லேன்னா இந்தப் பக்கம் அனுப்பு. நெலத்த அடகு வைக்கிறதுக்கு முந்தி அனுப்பு.

இம்புட்டுக் கேட்டும் "எனக்குப் பதிலா நீங்களே ஒருவாட்டி பாத்துச் சொல்லிருங்க மாமா"ன்னு இளிச்சேன்னா, நான் பாப்பேன். அந்த வெள்ளச்சட்டைக்காரன் ரேட்டுதான், டீயும் வடையும் தனி. அது வேண்டாம்னா இன்னைக்கு ராத்திரியே சம்மன விரிச்சு வச்சுக்கிட்டுத் தேடு. நாளைக்கு விடியக் கருக்கல்ல எங்கிட்ட வந்து மூணு சங்கதி சொல்லணும். கேசு எந்தக் கட்டத்துல நிக்கி, அடுத்த தேதி என்னைக்கு, எந்தக் கோர்ட்டு. "பக்கத்து வீட்டுக்காரன் சொன்னான் மாமா"ன்னு ஆரம்பிச்சேன்னு வையி, அந்தப் படத்துக்கு நீ போட்ட பாட்டு எதுன்னு ஒங்க ஆத்தாகிட்டப் போயிச் சொல்லிருவேன். மாஜிஸ்ட்ரேட்டாவது வாய்தா குடுப்பாரு, எங்க அக்கா குடுக்க மாட்டா.